இரண்டாக வெட்டுப்பட்ட வசனம்

ஜனவரி முதல் தேதி காலை ஆறரை மணிக்கு, காஞ்சிபுரத்தை ஒட்டிய ஐயம்பேட்டைச் சபையில், பிஸ்கட் டின்னின் அடியில் மிச்சமிருந்த கடைசி அட்டையை அன்னம்மாள் எடுத்தாள். அதில் இப்படி எழுதியிருந்தது: "மூடன் தன் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறான்."

அவ்வளவுதான். என்ன சொல்லிக்கொள்கிறான் என்பதைக் காணோம். அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் ஓட்டைகள். ஒரு ஓட்டை வழியாகப் பார்த்தால் பாஸ்டரின் காது தெரிந்தது.

வேறு யாராவது எழுதியிருந்தால் திட்டவாவது செய்யலாம். எழுதியது அவளேதான். தொண்ணூற்று மூன்று அட்டைகளையும் தன் கையால் எழுதி, தானே வெட்டி, தானே டின்னில் போட்டுக் குலுக்கியவள் அவள்.

இந்த அட்டை விவகாரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது. வருஷம் பிறக்கிற ஆராதனையில் ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஓர் அட்டை எடுக்க வேண்டும். அதில் என்ன வசனம் வருகிறதோ, அதுதான் அந்த வருஷத்துக்குக் கடவுள் அவருக்குத் தருகிற வாக்குத்தத்தம். பன்னிரண்டு மாத வாரண்டி. சிலர் பைபிளுக்குள் வைப்பார்கள், சிலர் போன் கவருக்குள், சிலர் பிரிட்ஜ் கதவில். பிள்ளை பாஸானால் அட்டையைக் காட்டுவார்கள். பெயிலானால் அதே அட்டையில் 'பொறுமை' என்கிற வார்த்தையைத் தேடிப் பிடித்துக் காட்டுவார்கள். எப்படிப் போனாலும் அட்டைதான் ஜெயிக்கும்.

மற்ற வருஷங்களில் கடையில் அச்சடித்த அட்டைதான். மேலே ரோஜாப்பூ, கீழே ஆசீர்வாதம். ஆனால் போன வருஷம் சபையில் பாதிப் பேருக்கு, நீதான் தலை, நீ வால் இல்லை என்கிற மாதிரியே வந்து தொலைத்தது. ஆளாளுக்குத் தலையாகிவிட்டதில், கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை எந்தக் கம்பத்தில் கட்டுவது என்பதற்கே மூன்று கூட்டம் நடந்தது. இந்த வருஷம் பாஸ்டர் உஷாராகிவிட்டார். பைபிளின் சங்கீதங்களில் புத்தியைப் பற்றியும் மூடத்தனத்தைப் பற்றியும் வருகிற வரிகளைப் பொறுக்கி, எல்லாருக்கும் புரிகிற சாதாரணத் தமிழில் மாற்றி, ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தார். வெறும் இனிப்பாகவே தின்றால் சர்க்கரை வியாதி வரும், நடுவில் கொஞ்சம் பாகற்காயும் வேண்டும் என்றார்.

அட்டை செய்கிற பொறுப்பு அன்னம்மாளுக்கு வந்தது. அட்டைதான் அவள் தொழில்.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், தறிக்கு அட்டை அடிக்கிற கடையொன்றில் பதினெட்டு வருஷமாக இருக்கிறாள். பட்டுப்புடவையில் ஓடுகிற மயிலும் யாளியும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. அதைக் கட்டம் கட்டமாகப் படித்து, நீளமான கெட்டி அட்டைகளில் ஓட்டையாகக் குத்துவது அவள் வேலை. ஓட்டை இருக்கிற இடத்தில் தறியில் இழை எழும்பும். இல்லாத இடத்தில் எழும்பாது. ஒரு மயிலுக்கு நூற்றுக்கணக்கான அட்டைகள். எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிடுவார்கள். ஒரு ஓட்டை தப்பினால் மயிலுக்கு மூக்கு போய்விடும். பதினெட்டு வருஷத்தில் அவளால் மூக்கறுபட்ட மயில்கள் மொத்தம் இரண்டு. அந்த இரண்டும் இன்னமும் அவள் கனவில் வந்து போகும், குறை சொல்லாமல், சும்மா திரும்பிப் பார்த்துவிட்டு.

தப்பாகக் குத்தி ஒதுக்கிய அட்டைகள் கடையில் குவிந்து கிடந்தன. முதலாளியிடம் கேட்டு ஒரு கட்டு வாங்கி வந்தாள். ஒரு நீள அட்டையில் மூன்று வசனம். எழுத்து ஓட்டைகளைச் சுற்றி வளைந்து நெளிந்து போகும். எழுதி முடித்ததும் பத்துப் பத்தாக அடுக்கி, கடையில் இருக்கிற வெட்டுக் கத்தியில் வைத்து, மூன்று துண்டாக இரண்டே போடு. நான்கு வசனங்கள் மட்டும் நீளமானவை. இரண்டு வசனத்துக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டவை. அவற்றைத் தனியாக எடுத்து வைத்துத் தனியாக வெட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள். மூன்றைத்தான் எடுத்து வைத்திருக்கிறாள். நான்காவது அடுக்கோடு அடுக்காகப் போய், கத்திக்குக் கீழே நடுவில் பிளந்திருக்கிறது.

அந்த நான்காவது வசனத்தின் இரண்டாவது பாதி இப்போது அவள் கையில். முதல் பாதியில் என்ன எழுதினாள் என்பது நினைவுக்கு வந்தபோது, பாஸ்டர் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்னம்மாள் அட்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

முதல் பாதி: "கடவுள் இல்லை என்று."

சபைக்குள் மார்கழிப் பனி வந்து உட்கார்ந்திருந்தது. கதவு திறந்தபடியே இருந்ததால் அதை யாரும் தடுக்கவில்லை. பெருமாள் கோயில் ஸ்பீக்கரில் ஓடுகிற பாட்டும் சபை ஸ்பீக்கரில் ஓடுகிற ஜெபமும் பனிக்குள் ஒன்றாகக் குழைந்து, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் ஒரே முனகலாகக் கேட்டது. தலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. அவற்றில் ஏதோ ஒரு தலைக்குச் சொந்தமான கையில் அந்த அட்டை இருந்தது.

ஒரு சாதாரண வெட்டுப் பிழைக்கு இந்தப் பயம் தேவையில்லைதான். பாஸ்டரிடம் சொன்னால் சிரித்துவிட்டு மைக்கில் அறிவித்திருப்பார். அன்னம்மாள் சொல்லாததற்குக் காரணம் வேறு.

அவள் பிறந்தது முசரவாக்கத்தில். அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். வாரம் முழுக்கக் குனிந்த முதுகு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நிமிர்ந்து நிற்கிற இடம் சபை என்பதால், அன்னம்மாள் நடக்கப் பழகியதே அங்கேதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. ஐயம்பேட்டையைச் சேர்ந்த சாமுவேலைக் கட்டிக்கொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி ஒன்றுக்கு ஆள் ஏற்றிப்போகிற பஸ்ஸின் டிரைவர் அவர். சிக்னலில் பச்சை விழுந்தால்கூட ஸ்தோத்திரம் சொல்லுகிற மனிதர். ஒரே மகள் ஜோதிகா, வேலூரில் நர்சிங் படிக்கிறாள். குறை என்று சொல்ல வாழ்க்கையில் ஒன்றும் இல்லை.

அதுதான் விஷயமே. குறை ஒன்றும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இரண்டு வருஷத்துக்கு முன்னால், குழம்புச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே வழக்கம்போல மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். போனில் பேசிக்கொண்டே இருப்போம், எதிர்ப்பக்கம் எப்போதோ லைன் அறுந்திருக்கும், நாம் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்போமே, அப்படி ஓர் அமைதி திடீரென்று காதில் விழுந்தது. கையில் சோப்பு நுரையோடு "ஹலோ" என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். யாரும் சாகவில்லை, எந்த வியாதியும் வரவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. லைன் மட்டும் போய்விட்டது.

அதன்பிறகும் சபைக்குப் போனாள், பாடினாள், கண்ணை மூடினாள். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக இறங்கி ஓடுகிற பையனைப்போல அவளுக்குள் ஏதோ ஒன்று இறங்கிப் போய்விட்டது. பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சாமுவேலிடம் சொல்வதாவது. அந்த மனிதருடைய ஸ்தோத்திரம் எல்லாம் தொண்டையில் சிக்கிக்கொள்ளும்.

ஆக, இரண்டு வருஷமாக வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்த வார்த்தை, அவள் கையெழுத்திலேயே, கடவுளின் வாக்கு என்கிற பெயரில், யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போய்விட்டது. அந்த ஆள் யார்? படித்துவிட்டு என்ன ஆனார்? இந்த இரண்டும் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

சபை வாசலில் நின்று, எல்லாருடைய வாக்குத்தத்தத்தையும் பார்க்க ஆசைப்படுகிறவளைப்போலப் பேச்சுக் கொடுத்தாள். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளிப்பட்டு, அட்டையைக் காட்டி, பனிக்குள் மறைந்தார்கள். சாமுவேலுக்கு, கடவுளுக்குப் பயப்படுவதில்தான் புத்தி தொடங்குகிறது என்று வந்திருந்தது. அவர் அதை அடையாள அட்டைபோலச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி சொருகிக்கொண்டார். பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிற இந்திராணிக்குக் கடுங்கோபம். குதிரை மாதிரியும் கோவேறு கழுதை மாதிரியும் புத்தியில்லாமல் இருக்காதே என்று அவளுக்கு வந்திருந்தது. தன் மாமியார்தான் சொல்லி எழுதவைத்திருக்கிறாள் என்று அவள் அடித்துச் சொன்னாள்.

"ஒனக்கு இன்னா வந்துது, நீ காட்டு மொதல்ல," என்றாள் இந்திராணி.

அன்னம்மாள் அதற்குள் தன் பாதியை ஜாக்கெட்டுக்குள் செருகியிருந்தாள். வீட்டில் வைத்துவிட்டதாகச் சொன்னாள். சபையில் எடுத்த அட்டை பத்து நிமிஷத்தில் எப்படி வீட்டுக்குப் போயிற்று என்று இந்திராணி யோசிக்காததற்குக் கோவேறு கழுதைதான் காரணம்.

ஒன்பது மணிக்குள் பாதிச் சபை தன் வாக்குத்தத்தத்தைப் போனில் ஸ்டேட்டஸாகப் போட்டுவிட்டது. அன்னம்மாள் அடுப்படியில் பாஸ்டருடைய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேட்டஸாகப் பார்த்து, வசனத்துக்கு நேராக டிக் போட்டாள். பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சாமுவேல், உளவுத்துறையில் எப்போது சேர்ந்தாய் என்று கேட்டார். வெங்காயத்தைக் கவனிக்கச் சொன்னாள். கத்தி, கண்ணீர், டிக், டிக். பன்னிரண்டு மணிக்கு நோட்டில் ஏழு வசனங்கள்தான் பாக்கி.

சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஏழையும் தேடிக் கிளம்பினாள். முதலில் விமல்ராஜ். மனை வாங்கி விற்கிற ஆள். எதற்கெடுத்தாலும் ஸ்டேட்டஸ் போடுகிறவன், இன்றைக்கு ஒன்றுமே போடவில்லை என்பது சந்தேகத்துக்கு இடமாக இருந்தது. அவன் அட்டையை மேஜை டிராயருக்குள் கவிழ்த்து வைத்திருந்தான். மூடனும் சாகிறான், புத்திசாலியும் சாகிறான், சேர்த்ததையெல்லாம் யாருக்கோ விட்டுப் போகிறார்கள் என்று இருந்தது.

"நாளைக்கு ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் வச்சிக்கினு இருக்கேன்கா," என்றான் விமல்ராஜ். "இந்த நேரத்துல இதெல்லாம் தேவையா சொல்லு."

அவனுக்கு ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு நடந்தாள். நீலாம்பாளின் அட்டை அரிசி டிரம்முக்குள் இருந்தது, அரிசி குறையக்கூடாதென்று. தையல் கடை சிம்ரனின் அட்டையை அவள் பிள்ளை வாயில் போட்டு ஓரத்தைத் தின்றிருந்தது, வசனம் தப்பியது. இன்னும் மூன்று வீடு. எதிலும் அந்தப் பாதி இல்லை.

பனி விலகியிருந்தது என்று சொல்ல முடியாது. வெயிலாக மாறியிருந்தது, அவ்வளவுதான். மார்கழி மத்தியான வெயிலுக்கு எடையே கிடையாது. தெருவில் வாசலுக்கு வாசல் போட்டிருந்த கோலங்களில் பூசணிப்பூ வாடித் தலையைச் சாய்த்திருந்தது. பண்டிகை நாளானதால் பாதித் தறிகள் ஓடவில்லை. ஓடுகிற தறிகளின் சத்தம் தூக்கத்தில் யாரோ பல் கடிப்பதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்டது. தான் தேடுவது ஒரு மனிதரையா, அட்டையையா, இல்லை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜன்னல் வழியாக இறங்கிப் போன அந்தப் பையனையா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்தது. நடந்தபடியே தூங்குகிறவளைப்போல நடந்தாள்.

அப்போதுதான் ரேணுகாம்பாள் ஞாபகத்துக்கு வந்தாள்.

ரேணுகாம்பாள் சபை ஆள் இல்லை. மூன்று தெரு தள்ளி இருக்கிற நெசவுக்காரி. அன்னம்மாளைவிட மூன்று நான்கு வயது பெரியவள். அன்னம்மாள் அடிக்கிற அட்டைகள்தான் அவள் தறியில் தொங்கும். அந்தப் பழக்கத்தில், வருஷா வருஷம் புத்தாண்டுக்குச் சபைக்கு வந்து கடைசி வரிசையில் நின்று ஓர் அட்டை எடுத்துப் போவாள்; இன்றைக்கும் வந்திருந்தாள். வரம் கிடைக்கிற எந்த இடத்தையும் அவள் விட்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் மகன் விக்ரம் சண்டை போட்டுக்கொண்டு திருப்பூருக்குப் போனான். அதற்குப் பிறகு ஒரு போன் கிடையாது. அவன் கூப்பிட வேண்டும் என்று அவள் ஒவ்வொரு சாமியிடமும் நேர்ந்துகொண்டு ஒவ்வொன்றை விட்டாள். வரதரிடம் செருப்பை விட்டாள். ஏகாம்பரரிடம் காபியை விட்டாள். காமாட்சியிடம் இனிப்பு, தர்காவில் வெற்றிலை. செவ்வாயும் வெள்ளியும் ஒருவேளைச் சாப்பாட்டையும் விட்டாள். விடுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று தெருவில் கேலி பேசுகிற அளவுக்கு ஆகிவிட்டது. ஆறு வருஷமாக அவள் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரே கயிறு அது. அந்தக் கையில் போய் "கடவுள் இல்லை" என்று ஓர் அட்டை.

அன்னம்மாள் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ரேணுகாம்பாள் வீட்டு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். வேறு யாரும் இல்லை. ரேணுகாம்பாள் தறிப்பலகையில் உட்கார்ந்து, காலைத் தறிக்குழிக்குள் தொங்கவிட்டுக்கொண்டு, டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வா அன்னம். ஹேப்பி நியூ இயர். ஒரு வாய் குடிக்கிறியா?"

அன்னம்மாள் மேலே பார்த்தாள். தறிக்கு மேலே அட்டைச்சரம் மலைப்பாம்புபோல வளைந்து தொங்கியது. அவளே அடித்த அன்னப்பட்சி. அந்தச் சரத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு நூலில் கட்டி, நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, அந்தப் பாதி தனியாக ஆடிக்கொண்டிருந்தது. கடவுள் இல்லை என்று.

ரேணுகாம்பாள் இன்னொரு டம்ளரில் காபியை ஊற்றி நீட்டினாள். இந்தத் தெருவில், கழனி வேலைக்கு வந்த அன்னம்மாளின் அம்மா வாசலோடு நின்று கைகளைக் குவித்துத் தண்ணீர் வாங்கிக் குடித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அதே தெருவில், தன் டம்ளருக்கும் அவள் டம்ளருக்கும் ஒரே அளவாகச் சர்க்கரை போட்டாளா என்று ரேணுகாம்பாள் கவலைப்பட்டாள்.

"மூணாவது டம்ளர்," என்றாள். "ஆறு வருஷத்துக்குச் சேத்துக் குடிக்கணும்ல."

"அக்கா, அந்த அட்டை..."

"அதான் அன்னம். ஒங்க சாமி லெட்டர் போட்டுட்டாரு."

நடந்ததை அவள் சொன்ன விதத்துக்கு அவசரமே இல்லை. நடுவில் எழுந்துபோய் பால் பாத்திரத்தைக் கழுவிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். காலையில் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்ததும் அவள் தறிப்பலகையில் உட்கார்ந்துவிட்டாளாம். அழுகை வரும் என்று காத்திருந்தாளாம். சிரிப்புதான் வந்ததாம்.

"இன்னா சிரிப்புன்னா, வீட்டுக்காரன் உள்ள உக்காந்துக்கினே, வீட்ல யாரும் இல்லேன்னு கொரல் குடுத்தா எப்டி இருக்கும்? அப்டி இருந்துது. இல்லேன்னு எழுதி அனுப்பறதுக்கு ஒருத்தன் இருக்கணும்ல? ஆறு வருஷமா வாசல் வாசலா நின்னுக்கினு தட்டறேனே, போம்மா, போய் ஒன் வேலையப் பாரு, எனக்கும் கொஞ்சம் லீவு குடுன்னு சொல்லிட்டாரு."

லீவு என்றான பிறகு வேண்டுதல் எதற்கு? பரணிலிருந்து செருப்பை எடுத்துத் துடைத்தாள். காபித்தூள் வாங்கினாள். அப்புறம், அவன்தான் கூப்பிட வேண்டும் என்று ஆறு வருஷமாகச் சாமிகளை நச்சரித்தாளே, அவனுடைய பழைய நம்பருக்கு, கூப்பிடவைக்க யாரும் இல்லாததால், அவளே போன் போட்டாள். இத்தனை வருஷம் ஏன் போடவில்லை என்றால், அது நேர்ச்சையில் இல்லை. தானே கூப்பிட்டால் சாமி மேல் நம்பிக்கை இல்லையென்று ஆகிவிடும் என்று பயந்திருந்தாள்.

"எடுத்தானா?" என்றாள் அன்னம்மாள்.

"எடுத்தான்."

"இன்னா சொன்னான்?"

ரேணுகாம்பாள் டம்ளரைக் கீழே வைத்தாள். முகம் பூராவும் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் வெட்கம். "பஸ்ல இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்னான். அவ்ளோதான். நேத்துப் பேசின மாதிரி சொல்றான் அன்னம்."

ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு மகன் தாயிடம் சொன்ன வாக்கியம் அது. அதைவிடச் சாதாரணமான வாக்கியம் தமிழில் இருக்க முடியாது. அன்னம்மாளுக்கு மூக்கு எரிந்தது. காபி சூடு என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். தப்பு நல்லதாக முடிந்துவிட்டது, யாருக்கும் தெரியப் போவதுமில்லை. எழுந்துகூட விட்டாள். ஆனால் அந்த 'அப்புறம்' நாளைக்கு வராமல் போனால்? அடுத்த மாதமும் வராமல் போனால்? இவள் தறியில் உட்கார்ந்து அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள், கடவுள் அனுப்பிய லெட்டர் என்று. அது லெட்டர் இல்லை, வெட்டுக் கத்தி. அன்னம்மாள் மறுபடியும் உட்கார்ந்தாள். ஜாக்கெட்டுக்குள்ளிருந்து தன் பாதியை எடுத்துக் கொடுத்தாள்.

"லெட்டர் எல்லாம் இல்லக்கா. நான் வெட்டினதுல ஆன தப்பு. ரெண்டும் ஒண்ணு."

ரேணுகாம்பாள் நூலை அவிழ்த்து இரண்டு துண்டையும் மடியில் வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். நெசவுக்காரி என்பதால் அவள் முதலில் பார்த்தது எழுத்தை இல்லை. கத்தி ஒரு ஓட்டையின் நடுவே போயிருந்தது. இரண்டையும் ஒட்ட வைத்ததும் அரை வட்டங்கள் சேர்ந்து முழு வட்டமாயின. அதற்குப் பிறகுதான் விரலை வைத்துக்கொண்டு, முதலிலிருந்து முடிவுவரை மெல்லப் படித்தாள். கடவுள் இல்லை என்று மூடன் தன் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறான்.

ஜன்னல் வழியே வந்த வெயில் அட்டைச்சரத்தின் ஓட்டைகளில் நுழைந்து, சுவரில் பொட்டுப் பொட்டாக ஒரு பறவையை வரையப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டது.

"அப்ப மூடன் யாரு?" என்றாள் ரேணுகாம்பாள். "நானா?"

"நீங்க இல்ல. நாந்தான்."

சொல்லிவிட்டாள். இரண்டு வருஷம் எடுத்துக்கொண்ட வார்த்தை ஒரு நொடியில் வெளியே வந்து தறிக்குழிக்குள் விழுந்தது. அதன் பின்னாலேயே மற்றதெல்லாம் வந்தது. செவ்வாய்க்கிழமை, குழம்புச் சட்டி, அறுந்துபோன லைன், தினமும் கண்ணை மூடிக்கொண்டு, நீ இல்லை, நீ இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பது, சாமுவேலுக்குத் தெரியாது என்பது. ரேணுகாம்பாள் அதிர்ச்சியடையவில்லை. இழை அறுந்த இடத்தைத் தேடுகிறவளைப்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டு வருஷமா தெனம் சொன்னியா? நீ இல்லேன்னு?"

"ஆமாக்கா."

"யாருகிட்ட?"

அன்னம்மாள் வாயைத் திறந்தாள். சொல்லப்போனால், கேள்வி போன வேகத்துக்கு ஏதாவது ஒரு பதில் எங்காவது இருந்திருக்க வேண்டும். அவள் கைக்கு அது அகப்படவில்லை.

"எனக்கும் தெரியாது," என்றாள் ரேணுகாம்பாள். "சும்மா கேட்டேன். காபி ஆறிப்போச்சு, சூடு பண்ணட்டா?"

புறப்படும்போது அன்னம்மாள் இரண்டு துண்டையும் கேட்டாள், ஒட்டி பாஸ்டரிடம் கொடுத்துவிட. ரேணுகாம்பாள் தரவில்லை. தப்பாக வெட்டுப்பட்டிருந்தாலும் தன் கைக்கு வந்தது தனக்குத்தான் என்றாள். மூடன் என்று எழுதிய பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை மறுபடி சரத்தில் கட்டினாள். பிறகு, தெருமுனை வரை வழியனுப்புவதற்காகச் செருப்பை மாட்டினாள். பழக்கம் விட்டுப்போன கால்கள். ஒவ்வொரு அடிக்கும் செருப்பு தனியாகவும் கால் தனியாகவும் போனது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

அன்னம்மாள் வீட்டுக்கு வந்தபோது விளக்கு ஏற்றுகிற நேரம். மத்தியானம் மிஞ்சிய பிரியாணியைச் சாமுவேல் சூடுபண்ணி, இரண்டு தட்டில் போட்டு வைத்துக் காத்திருந்தார். சட்டைப் பையில் அட்டை இன்னும் சொருகியபடியே இருந்தது. எங்கே போனாய் என்று அவர் கேட்பதற்குள், அவள் தன் அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒருமுறை சொல்லிவிட்ட விஷயம் இரண்டாம் முறை சுலபமாக வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. ரேணுகாம்பாளிடம் சொல்வது வேறு, இருபத்திரண்டு வருஷமாகத் தன் தலைமேல் கையை வைத்து ஜெபிக்கிற மனிதரிடம் சொல்வது வேறு. ஆனாலும் சொன்னாள். தட்டைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

சாமுவேல் அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி வைத்தார்.

"தெரியும்மா," என்றார்.

அவள் நிமிர்ந்தாள்.

"ஒன் ஆமென் ரெண்டு வருஷமா லேட்டா வருது. முன்னல்லாம் நான் முடிக்கறதுக்குள்ளயே சொல்லிடுவே, பசியில."

"தெரிஞ்சிக்கினா இருந்தே? ஏன் கேக்கல?"

சாமுவேல் பஸ் ஓட்டும்போது எதிரே லாரி வந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிச் சுவரைப் பார்த்தார். "கேட்டா ஆமான்னு சொல்லிடுவியேன்னு பயம்," என்றார்.

இருவருக்கும் நடுவில் பிரியாணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன் ஜெபம் என்றால் சாமுவேலுக்குக் குறைந்தது நான்கு நிமிஷம் ஆகும். கம்பெனி முதலாளியிலிருந்து பஸ் டயர் வரைக்கும் பெயர் சொல்லி வேண்டுவார். இன்று அவர் கண்ணை மூடினார். கையைக் கூப்பினார். ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை என்பது அவர் இமைகளிலேயே தெரிந்தது. எந்தப் பாட்டும் எந்த வசனமும் துணைக்கு இல்லாமல் அவர் அப்படி உட்கார்ந்து அன்னம்மாள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அவரைத் தனியாக விட மனமில்லாமல், தானும் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. முதலில் யார் கண்ணைத் திறப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.